தனத்துக்கு ஒரு நாள்

செத்தவர்களுக்குப் படம் போடுவது இப்போது சிட்லபாக்கம் பக்கமெல்லாம் வழக்கமாகிவிட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கை கழுவி உட்காரும் நேரத்தில், போனவர் பிறந்ததிலிருந்து போனதுவரை பத்து நிமிஷத்தில் டிவியில் ஓட்டிக் காட்டிவிடுவார்கள். பின்னணியில் ஒரு புல்லாங்குழல் அழும். உயிரோடு இருந்தபோது அந்த மனுஷனோடு பேச்சுவார்த்தையே இல்லாதவர்கள்கூட மூக்கைச் சிந்துவார்கள். மேற்குத் தாம்பரத்தில் மெர்வின் நடத்தும் வீடியோ ஸ்டுடியோவில் இந்தப் படங்களை வெட்டி ஒட்டுகிறவள் வெண்ணிலா. அவள் கைபட்டால் கல்லும் கரையும் என்று மெர்வின் வருகிறவர்களிடம் சொல்லுவான். அதில் பொய் அதிகமில்லை.

தை மாதம் அவளுடைய அம்மா தனம் போய்ச் சேர்ந்தாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், உயிரோடு திரும்பி வரவில்லை. அழுகைக்கு நடுவே வெண்ணிலா அம்மாவுக்கும் ஒரு படம் செய்தாள். அவளுடைய படங்களுக்கென்று ஒரு வரிசை உண்டு. கைக்குழந்தை, தாய் தகப்பன், பிறந்த ஊர், பள்ளிக்கூடம், அதற்குப் பிறகுதான் கல்யாணம். அம்மாவுக்கு அந்த வரிசையில் கல்யாணத்துக்கு முன்னால் எல்லாமே காலி. ஒரு போட்டோ கிடையாது. எனவே படம் பதிவுக் கல்யாணத்திலிருந்து தொடங்கியது. மாலையும் கழுத்துமாக நிற்கிற ஓர் இளம்பெண். அதற்கு முன்னால் அவள் இந்த உலகத்திலேயே இல்லை போலும்.

எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். பக்கத்து வீட்டு அபிதகுஜாம்பாள் மாமி, "ரொம்ப டச்சிங்கா இருந்ததுடி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வெண்ணிலாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஊருக்கெல்லாம் முழுப்படம் செய்தவள் பெற்ற தாய்க்கு அரைப்படம் செய்திருக்கிறாள். வருஷத் திதிக்குள் மீதியைச் செய்து முடிப்பது என்று அன்றைக்கே மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள்.

முதலில் அப்பாவிடம்தான் கேட்டாள். ஜீவானந்தம் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எந்தக் கேள்விக்கும் வழிமுறையோடு விடை சொல்லுகிற மனுஷன், இந்தக் கேள்விக்கு மட்டும் இத்தனை வருஷமாகப் பூசி மெழுகிக்கொண்டிருந்தார்.

"கடற்கரைப் பக்கம்மா. அவங்க ஒத்துக்கல, இவ வந்துட்டா. இப்ப எதுக்கு அதையெல்லாம் கிளறணும்?"

"எந்த ஊர்னாவது சொல்லுங்கப்பா."

"உங்கம்மாவே உங்கிட்ட சொல்லலையே. அவ சொல்லாததை நான் சொல்றது மரியாதையா?"

மரியாதை என்ற வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதில் வாத்தியார்களை அடிக்க ஆளில்லை. வெண்ணிலா வேறு வழி பிடித்தாள்.

அம்மாவைக் கிடத்தியிருந்த அன்று நடந்த ஒன்று அவள் மனசில் முள்ளாகத் தைத்திருந்தது. அந்தத் தெருவுக்கு வருஷக்கணக்காக மீன் கொண்டுவருகிற குப்பம்மா அன்றைக்கும் கூடையோடு வந்தாள். ஷாமியானாவைப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே, தெருவிலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். உள்ளே வாங்க என்று கூப்பிட்டும் வரவில்லை. மீன் விற்கிறவள் வாடிக்கைக்காரிக்காக இரண்டு சொட்டுக் கண்ணீர் விடலாம். "எங்கூட்டு வெளக்கு அணைஞ்சி போச்சே" என்று ஒப்பாரி வைப்பாளா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பம்மா கூடையை இறக்கி மீனை வெட்டத் தொடங்கியதும், வெண்ணிலா எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"எங்கம்மா உங்களுக்கு என்ன வேணும்?"

வெட்டுகிற கை நின்றது. "மீன் வாங்குறவங்க. வேற இன்னா வேணும்?"

"அப்ப எதுக்கு அப்படி அழுதீங்க?"

"வியாபாரத்துக்கு வந்தவளாண்ட இன்னா கேள்வி இது? பேஜார் பண்ணாத பாப்பா."

"சொல்லலைன்னா வர்ற வாரமும் இதே இடத்துல உட்கார்ந்து கேட்பேன். அதுக்கடுத்த வாரமும் கேட்பேன்."

குப்பம்மா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்கம்மாவோட அண்ணன் பொண்டாட்டி நானு. உனுக்கு அத்தை. அந்தாளுக்குத் தெரிஞ்சா என்ன வூட்டுக்குள்ள வுடாது, ஆமா."

இத்தனை வருஷமும் கேட்டுக்கு இந்தப் பக்கம் நாத்தனார், அந்தப் பக்கம் அண்ணி, நடுவில் மீன்கூடை. ஒரு சங்கரா மீனுக்கு இவ்வளவு நேரமா பேரம் என்று சின்ன வயதில் வெண்ணிலா எரிச்சல் பட்டிருக்கிறாள். அவர்கள் பேரம் பேசவே இல்லை, வீட்டுக்கதை பேசியிருக்கிறார்கள். அத்தையின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு தெரு என்றும் பாராமல் அவள் அழுதாள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூரைத் தாண்டி இருக்கிறது தனம் பிறந்த குப்பம். பேரை எழுதினால் பஞ்சாயத்து கூடிவிடும், விட்டுவிடுவோம். மெர்வினிடம் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு வெண்ணிலா விடுமுறை கிடைத்த போதெல்லாம் ஸ்கூட்டரில் கிளம்பினாள். மீனவர்களைப் பற்றிப் படம் எடுக்க வந்த பெண் என்று குப்பம்மா சொல்லி வைத்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் முகத்தில் அப்பட்டமாகத் தனம் என்று எழுதி ஒட்டியிருந்தது. கொஞ்ச நாளிலேயே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. தெரிந்தும் ஒருவரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வலையைப் பற்றிக் கேட்டால் சொன்னார்கள். சுனாமி பற்றிக் கேட்டால் நாள் பூராவும் சொன்னார்கள். தனம் என்று பேரெடுத்தால் மட்டும், "எந்தத் தனம்? அப்டி யாரும் இங்க இல்லியேம்மா" என்று கடலைப் பார்ப்பார்கள். வேற்று ஜாதிக்காரரோடு போனவளை ஊர் தள்ளிவைத்தது, அவள் பேச்சை எடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. போட்டவர்களில் பாதிப் பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள், கட்டுப்பாடு மட்டும் கல்லுக்குண்டாட்டம் உட்கார்ந்திருந்தது. மாமன் துலுக்காணம் அதற்கும் ஒரு படி மேலே. கேமராவைக் கண்டால் முதுகைத் திருப்பிக்கொள்வார். வெண்ணிலாவிடம் இருந்ததெல்லாம் அந்த முதுகுதான், விதவிதமான வெளிச்சத்தில்.

கல்லில் நார் உரிக்கிற வேலை என்று மெர்வின் சொன்னான். அவள் விடுவதாக இல்லை. கடைசிக் காட்சி என்ன என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள். கடலைப் பற்றி அம்மா வாய் திறந்து சொன்னது ஒன்றே ஒன்றுதான். விடிகிற நேரத்தில் எல்லாப் படகும் ஒன்றாக அலைக்குள் இறங்கும், அதைவிட அழகு எதுவும் இல்லை என்பாள். அதை எடுத்துப் படத்தை முடிப்பதாகத் திட்டம்.

ஆவணி மாதத்தில் ஒரு விடியற்காலை அதற்காகவே போனாள். மணலில் படகுகள் வரிசையாகக் கிடந்தன. ஒரு எஞ்சின் சத்தம் இல்லை. ஆண்கள் கும்பலாக உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். குப்பம்மா ஈரத்தலையோடு வந்தாள்.

"இன்னிக்கி வெறுங்கையாத்தான் போவணும் நீ. அந்தக் கோடி வூட்டுப் பெரியவரு ராத்திரி போய்ட்டாரு. ஊர்ல ஒரு சாவு வுழுந்தா யாரும் தொழிலுக்குப் போவ மாட்டாங்க. எல்லாரும் தலைக்குத் தண்ணி ஊத்திக்குவோம். செத்தது பச்சக்கொழந்தைன்னாலும் அப்டித்தான்."

"யாரு செத்தாலுமா?"

"எவனா இருந்தாலும். சண்டக்காரனா இருந்தாலும்."

வெண்ணிலா கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். பாதியில் நிமிர்ந்தாள். "எங்கம்மா செத்ததுக்கு?"

குப்பம்மா மென்று விழுங்கினாள். "அன்னிக்கி நான் வந்து சொன்னேன் கண்ணு. சொல்லாம இருப்பேனா? நாட்டார் காது வரைக்கும் போச்சி. தள்ளிவெச்ச பொண்ணு, ஊர்க் கணக்குல வராதுன்னுட்டாங்க."

"மறுநாள் படகு போச்சா?"

"போச்சி."

"மாமா?"

"அதுவும்தான் போச்சி."

அப்போதுதான் வெண்ணிலாவுக்கு இன்னொன்று விளங்கியது. குப்பம்மா எப்போதாவது ஒருநாள் மீன் கொண்டு வரமாட்டாள். அன்றைக்கு அம்மா, வாரத்தில் எந்தக் கிழமையாக இருந்தாலும், தலைக்குக் குளிப்பாள். மத்தியானம்வரை பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். மீன்காரி வராததற்கு விரதம் இருக்கிற ஒரே பொம்பளை என்று வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். ஒருமுறை வெண்ணிலா அதைப் போனில் படமே எடுத்திருக்கிறாள். அதில் அம்மா சொன்ன பதிலை அன்றைக்கு விளையாட்டாக எடுத்துக்கொண்டு விட்டுவிட்டாள். யார் போனது என்றுகூடத் தெரியாமல், தன்னை இல்லை என்று சொன்ன ஊரின் ஒவ்வொரு சாவுக்கும் அவள் சிட்லபாக்கத்து பாத்ரூமில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

படகு இறங்குகிற அழகெல்லாம் கிடக்கட்டும் என்று தோன்றியது. அம்மாவுக்காக இந்தக் கரையில் படகு நிற்க வேண்டும், ஒரே ஒரு நாள். அது கிடைக்காமல் இந்தப் படம் முடியாது.

ஊர்த் தலைவரான நாட்டார் தயாளனைப் போய்ப் பார்த்தாள். நடுவயது, பேச்சில் மரியாதை, முடிவில் கறார். பொம்பளைகள் பஞ்சாயத்தில் உட்கார்கிற வழக்கம் இல்லை என்றார். உட்கார மாட்டேன், வெளியே நின்று பேசுகிறேன் என்றாள் இவள். இன்று போய் நாளை வா என்று அலைய விட்டார். இவளும் அலைந்தாள். கடைசியில் அந்தப் பெண்ணின் தொல்லை தாங்காமல் ஒரு சாயங்காலம் கூட்டத்தைக் கூட்டினார்.

மீன் ஏலம் போடுகிற கொட்டகையில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். துலுக்காணம் கடைசித் தூணில் சாய்ந்திருந்தார். கொட்டகைக்கு வெளியே வெண்ணிலாவும் குப்பம்மாவும். முதலில் வாயைத் திறந்தது குப்பம்மாதான், அதுவும் புருஷனைப் பார்த்து.

"நான்தான் இவள இட்டுகினு வந்தேன். இத்தினி வருசமா உன் தங்கச்சிக்கு மீன் குடுத்துகினு இருந்ததும் நான்தான். வூட்ட வுட்டுத் தொரத்துறதுன்னா தொரத்து."

துலுக்காணம் தலை நிமிரவில்லை. வெண்ணிலா லேப்டாப்பைத் திறந்து கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். கொல்லைப்புறக் கொடியருகே தனம் நனைந்த முடியைத் துவட்டிக்கொண்டு நிற்கிறாள். போனைப் பிடித்திருக்கும் வெண்ணிலாவின் குரல் கேட்கிறது: "மீன்காரம்மா வரலைன்னு தலைக்குக் குளிக்கிற ஆளைப் பார்த்திருக்கீங்களா? ஏம்மா இப்படி?" தனம் சிரித்துக்கொண்டே முகத்தை மறைக்கிறாள். "அவ வரலைன்னா யாரோ போய்ட்டாங்கன்னு அர்த்தம்டி. நம்ம பங்குக்கு ஒரு சொம்புத் தண்ணி. விடேன்." "யாரும்மா போனது?" "நாளைக்கு அவ வந்தா தெரியும். யாரா இருந்தா என்ன?"

அவ்வளவுதான் அந்தப் படம். புல்லாங்குழல் இல்லை. முன்வரிசையில் இருந்த ஒருவன் தேதி என்ன என்று கேட்டான். வெண்ணிலா சொன்னாள். "அது எங்கப்பா செத்த நாளு" என்றான்.

"உங்க எல்லார் வீட்டுச் சாவுக்கும் எங்கம்மா குளிச்சிருக்காங்க" என்றாள் வெண்ணிலா. "அவங்க சாவுக்கு நீங்க ஒரு நாள் நிக்கணும். அவ்வளவுதான் கேட்கிறேன்."

தயாளன் தொண்டையைச் செருமினார். "வாஸ்தவம்மா. கல் நெஞ்சுக்காரங்க இல்ல நாங்க. ஆனா ஊரு அன்னிக்கி எடுத்த முடிவு ஊரு முடிவு. செத்து ஏழு மாசம் ஆச்சி. இன்னிக்கி இதுக்கு நிறுத்தினா நாளைக்கி அவனவன் பழைய கதைய தூக்கிகினு வருவான். படம் எடுத்துக்க, வேணாங்கல. தொழில் நிக்காது."

தூணோரம் பார்த்தாள். துலுக்காணம் எழுந்து போயிருந்தார். ஆனாலும் அவள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"சரிங்க. நாளைக்கு விடியக்காலை வர்றேன். எங்கம்மா படத்துல கடைசியா வரப்போறது அதுதான். நீங்க போனா போறது வரும். யார் யார் போறீங்களோ அவங்க முகம் வரும். எதையும் வெட்ட மாட்டேன்."

"மெரட்டுறியாம்மா?"

"இல்லைங்க. எடுத்துக்கன்னு நீங்கதானே சொன்னீங்க."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தலைக்குக் குளிப்பதன் காரணம் அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கூடவே குடும்பம் நடத்தியும் தெரியவில்லையே என்று அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருட்டுல நீ தனியா ஓட்டிக்கிட்டுப் போக வேணாம், நான் கொண்டு விடறேன்" என்றார்.

கொண்டு விட்டார், ஆனால் மணலில் இறங்கவில்லை. சாலையோர டீக்கடை அருகே ஸ்கூட்டரை நிறுத்தி, அதன் மேலேயே சாய்ந்து நின்றுகொண்டார். முப்பது வருஷத்துக்கு முன் இதே இடத்திலிருந்துதான் தனத்தைக் கூட்டிப்போனாராம். அதற்குமேல் கால் வரவில்லை.

வெண்ணிலா முக்காலியை ஊன்றிக் கேமராவை ஓட விட்டாள். கடல் மெல்ல வெளுத்தது. ஆண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கேமராவைப் பார்த்ததும் சிலர் துண்டால் தலையைப் போர்த்திக்கொண்டார்கள். முதல் படகு இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. அப்புறம் மூன்று நான்கு ஒன்றாகப் போயின. அம்மா சொன்னது உண்மைதான், அழகாகத்தான் இருந்தது. முந்தானைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு அழுத குப்பம்மாவைத் திரும்பிப் பார்க்காமல், கையைக் கேமராவிலிருந்து எடுக்காமல் நின்றாள். பாதி எடுத்துவிட்டு ஓடிப்போவதற்கு அவள் வரவில்லை.

அப்போது துலுக்காணம் வந்தார். தோளில் எஞ்சின் இல்லை, கையில் வலை இல்லை. அவருடைய படகுக்காரர்கள் தள்ளுவதற்குத் தயாராக விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் அவர்களைக் கடந்து நேராக அலைக்குள் நடந்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்று மூன்று முறை முழுகினார். மூன்றாவது முறை எழுந்தபோது, "தனம்!" என்று ஒரே ஒரு சத்தம் போட்டார். அந்தப் பேரை அந்தக் கரையில் யாரும் முப்பது வருஷமாகக் கூப்பிட்டதில்லை.

திரும்பி வந்து, சொட்டச் சொட்டத் தன் படகின் முன்னால் மணலில் உட்கார்ந்தார். சாவுக்கு முழுகியவன் கரையில் உட்கார்ந்திருக்கும்போது அவனைத் தாண்டிப் படகு தள்ளுவது அந்த ஊரில் யாருக்கும் கை வராத காரியம். தள்ளத் தொடங்கியிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். தயாளன் மணலில் கால் புதையப் புதைய ஓடிவந்தார்.

"இன்னா துலுக்காணம் இது? நேத்து பஞ்சாயத்துல இன்னா சொன்னோம்?"

"பஞ்சாயத்து ஊருக்குச் சொல்லிச்சி, நாட்டாரே. எந்தங்கச்சி செத்துட்டா. நான் குளிச்சேன். அதுக்கும் பஞ்சாயத்து கூட்டுவியா?"

அதற்குள் நேற்றுத் தேதி கேட்டவன் சட்டையைக் கழற்றிப் படகில் போட்டுவிட்டுத் தண்ணீரை நோக்கி நடந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். போன படகுகள் போனவைதான், அவை திரும்பவில்லை. மிச்சம் பாதி கரையிலேயே நின்றன. பாதி ஊர் போதுமா என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். மாமன் ஒருவரே போதும் போலிருந்தது.

துலுக்காணம் முதல்முறையாக அவளை நேருக்கு நேர் பார்த்தார்.

"அந்தப் பொட்டிய அமத்து. வூட்டுப் பொண்ணு படம் புடிச்சிகினு நிக்கக் கூடாது. வந்து முழுகு."

வெண்ணிலா கேமராவை அணைத்தாள். இதற்குமேல் படத்தில் எதுவும் வராது, வர வேண்டியதும் இல்லை. குப்பம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள்.

"மாமா, அப்பா வந்திருக்கார். ரோட்டுல நிக்கிறார்."

துலுக்காணத்தின் முகம் இறுகியது. அவர் கடலைப் பார்த்தார், மணலைப் பார்த்தார், பிறகு சாலைப் பக்கம் பார்த்தார். அங்கே ஸ்கூட்டரில் சாய்ந்தபடி கண்ணாடி போட்ட ஒரு கிழவர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வயசாயிப் போச்சே வாத்தியாருக்கு" என்றார் துலுக்காணம். முகத்தில் வழிந்த தண்ணீரை வழித்துவிட்டு, "பொஞ்சாதிய பறிகுடுத்துட்டு ரோட்டுல நின்னுகினு இன்னா பண்றாரு? எங்க கூட ஒரு தபா முழுகட்டும். போய் இட்டுகினு வா" என்றார்.

வெண்ணிலா மணலில் விழுந்து எழுந்து ஓடினாள். "அப்பா, மாமா கூப்பிடறார்" என்று கத்தினாள். ஜீவானந்தம் நம்பாமல் அவளையே பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஸ்கூட்டர் அடியில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் இறங்கினார்.